பூட்டில்லாத கத்தி

உங்களிடம் ஒரு கத்தி இருக்கிறது. இல்லை என்று சொல்லாதீர்கள். காலையில் பால் பாக்கெட்டின் மூலையை எதால் கிழித்தீர்கள்? கொரியர் பையன் கொண்டுவந்த அட்டைப்பெட்டியின் டேப்பை எதால் அறுத்தீர்கள்? புதுச் சட்டையின் காலரில் விலைச்சீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும் அந்த பிளாஸ்டிக் நரம்பை? முதலாவதற்குப் பல். இரண்டாவதற்கு ஸ்கூட்டர் சாவி. மூன்றாவதற்குப் பல்லும் சாவியும் தோற்றுப்போய், கடைசியில் அடுப்படியிலிருந்து காய் நறுக்கும் கத்தி. அதைத் திருப்பி வைக்கும்போது கிடைக்கும் வசவு தனி.

ஒரு ரூட் கெனாலுக்கு ஆகும் செலவில் எத்தனை பேனாக்கத்தி வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பி.காம். படித்தவனின் வியாதி அது. ஆயுசுக்கும் போதும், பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும்.

இந்த வாரம் பேனாக்கத்தி. பட்டன் இல்லாதது, பூட்டு இல்லாதது, மடக்கினால் சுண்டுவிரல் நீளத்துக்குச் சட்டைப் பையில் கிடப்பது. 'கத்தியா, பாக்கெட்டிலா?' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சின்ன சமாசாரம்தான். ஆனால், யார் எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம், அதை யார் தீர்மானிப்பது என்ற பெரிய சமாசாரம் ஒன்று அதற்குள் மடங்கிக் கிடக்கிறது.

முதலில் பெயர். அது ஏன் பேனாக்கத்தி? இறகால் எழுதிய காலத்தில், எழுத எழுத நுனி மழுங்கும். உட்கார்ந்து சீவ வேண்டும். அதற்காக எழுத்தர்கள் வைத்திருந்த குட்டிக் கத்திக்குப் பேனாக்கத்தி என்று பேர் வந்தது. பிறகு இறகு போய் நிப் வந்தது. நிப் போய் பால்பாயின்ட் வந்தது. இப்போது எழுதுவதெல்லாம் கட்டைவிரல்தான். பேர் மட்டும் நிற்கிறது.

வெள்ளைக்காரன் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மிடமும் அச்சு அசலாக இதே ஏற்பாடு இருந்தது. பனையோலையில் எழுதியவர்கள் வைத்திருந்த எழுத்தாணிகளில் ஒரு ஜாதி மடக்கெழுத்தாணி. ஓலையைக் கீறி எழுத ஒரு கூர்முனை, ஓலையை வாரிச் சீராக்க ஒரு சின்னக் கத்தி, இரண்டும் ஒரே பிடியில். வேலை முடிந்தால் மடக்கி வைத்துக்கொண்டு கிளம்பலாம். இன்றைய பாஷையில் சொன்னால் டூ இன் ஒன்.

எங்கள் பெரும்பாக்கத்தில்தான் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது. 2022 ஜனவரி 12-ம் தேதி அதன் புதுக் கட்டடத்தைத் திறந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அங்கே உட்கார்ந்து ஆராய்கிற பழைய பாட்டெல்லாம் நம் கைக்கு வந்து சேர்ந்தது, தலைமுறை தலைமுறையாக யாரோ ஓலை வாரி, பிரதி எடுத்து வைத்ததால்தான். இலக்கியத்துக்கு எழுத்தாணி செய்த சேவையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கூடவே இருந்த அந்தச் சின்னக் கத்திக்கு ஒரு கும்பிடு பாக்கி இருக்கிறது.

ஓலைக் காலம் வரை போவானேன்? உங்கள் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் ஒரு பாக்குவெட்டி இருந்ததா இல்லையா? உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில், பென்சில் சீவ, பேப்பரில் சுற்றிய பாதி பிளேடு இருந்ததா இல்லையா? இடுப்பில் கத்தி செருகாத பாளை சீவுகிறவர் உண்டா? பூக்கட்டும் அம்மாவுக்கு நார் கிழிக்க ஒரு துண்டு இரும்பு, இளநீர்க்காரருக்கு ஓர் அரிவாள், செருப்புத் தைப்பவருக்கு ஓர் உளி. கூரானதைக் கையோடு வைத்துக்கொள்வது நம் ஊரில் வேலையின் அடையாளமாக இருந்ததே தவிர, வம்பின் அடையாளமாக இல்லை.

கெடுத்தது யார்? நிஜமான ரௌடிகள் பாதி. சினிமா மீதி. வில்லனின் அடியாள் கோட்டுப் பையிலிருந்து எடுத்து ஒரு பட்டனை அமுக்குவான். 'க்ளிக்' என்று பாம்பு நாக்கு மாதிரி வெளியே வரும். ஹீரோ சிரிப்பார். நமக்கு வயிற்றைக் கலக்கும். அந்த ஒரு சத்தத்தால், மடக்குக் கத்தி என்றாலே குத்துகிற கத்தி என்று மூளையில் பதிந்துவிட்டது.

இந்திப் படத்தில் அதற்கு ராம்பூரி என்று பேர். உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் ராம்பூர், அந்தக் கத்திக்குப் பேர்போன ஊர். 1990-களில் அந்த மாநில அரசு நாலரை அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள கத்திகளுக்குத் தடை போட்டது. தொழில் சுருங்கியது, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2023-ல் அதே ஊரின் நாற்சந்தியில் இருபது அடி நீளத்தில் ஒரு ராம்பூரிக் கத்தியைச் சிலையாக நிறுத்தினார்கள். ஒரு தொழில் நொடித்த பிறகு சிலை வைப்பது நமக்குப் புதிதில்லை.

*

இப்போது கத்தியைத் திறந்து பார்க்கலாம்.

மடக்குக் கத்திகளில் மூன்று ஜாதி. ஒன்று, பட்டனைத் தொட்டால் தானே பாய்ந்து திறப்பது. இரண்டு, கையால் திறந்ததும் 'டக்' என்று பூட்டிக்கொள்வது. பூட்டை விடுவிக்காமல் மூட முடியாது. மூன்று, பூட்டே இல்லாதது. நான் சொல்வது மூன்றாவது.

அதன் உள்ளே ஒன்றுமே இல்லை. ஓர் அலகு, ஒரு ரிவெட், பிடியின் முதுகுப் பக்கம் வளையக்கூடிய ஓர் எஃகுப் பட்டை. அந்தப் பட்டைதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பாகத்தை அது எப்போதும் அமுக்கிக்கொண்டே இருக்கும். மூடியிருந்தால் மூடியே இரு, திறந்திருந்தால் திறந்தே இரு என்கிற மாதிரி. நீங்கள் கொஞ்சம் பலம் கொடுத்தால் விட்டுக்கொடுக்கும். நல்ல சம்பந்தி மாதிரி. கட்டாயப்படுத்தாது, ஆனால் இருப்பது தெரியும்.

'பூட்டு இல்லை என்றால் விரல்மேல் மடங்கிவிடாதா?' என்று யாரைக் கேட்டாலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொய்யாப்பழத்தை வெட்டுகிறீர்கள், கயிற்றை அறுக்கிறீர்கள், டேப்பைக் கிழிக்கிறீர்கள். இதிலெல்லாம் அழுத்தம் கத்தியின் கூர்ப்பக்கத்தில் விழுகிறது. அது அலகை இன்னும் திறக்கிற பக்கம்தான் தள்ளும். மடங்க வழியில்லை. எப்போது மடங்கும்? முதுகுப் பக்கம் அழுத்தினால். நெம்பினால். அல்லது எதையாவது குத்தினால். குத்துகிற வேகத்தில் முனை சறுக்கினால் அலகு மடங்கி வந்து குத்தியவரின் விரலில்தான் உட்காரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கத்தியின் குறை என்று எதைச் சொல்கிறோமோ, அதுதான் அதன் நற்சான்றிதழ். வெட்டும், அறுக்கும், சீவும், உரிக்கும். குத்த மட்டும் லாயக்கில்லை. பலவீனத்தை வேண்டுமென்றே உள்ளே வைத்துச் செய்த பொருள். உலகத்தில் எத்தனை பொருளுக்கு இந்த அடக்கம் இருக்கிறது, சொல்லுங்கள்.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் 1884-ல் பட்டறை ஆரம்பித்தார். 1891-ல் தன் நாட்டு ராணுவத்துக்கு மடக்குக் கத்தி கொடுத்தார். 1897-ல் பதிவு செய்த ஆபீஸர் கத்திதான் இன்று நாம் 'சுவிஸ் நைஃப்' என்று சொல்லும் சிவப்புச் சாமானின் தாத்தா. விக்டோரினாக்ஸ் என்ற பேரில் பாதி, அவர் அம்மா விக்டோரியா. மீதி, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற சொல். நான் கவனித்தது வேறு. 2009 முதல் சுவிஸ் சிப்பாய்க்குக் கொடுக்கும் கத்தியில் பூட்டு வந்துவிட்டது. ஆனால் உங்களையும் என்னையும் போன்ற சிவிலியன்கள் வாங்குகிற சின்ன மாடல்களில் இன்றுவரை பெரிய அலகுக்குப் பூட்டு கிடையாது. சிப்பாயின் வேலை வேறு, நம் வேலை வேறு என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

*

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வக்கீல் நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படிக்கப் படிக்க சுவாரஸ்யம்.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருட்கள் ஆயுதமில்லை என்கிறது. அதற்கு உதாரணம் என்ன கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? லத்தியும் கைத்தடியும்! லத்தி வீட்டுச் சாமான். வாங்கியவர்களுக்குத் தெரியும் அதன் உபயோகம்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் ஓர் அளவு இருக்கிறது. 2016-ல் புதுப்பித்தபோதும் அது அப்படியேதான் வந்தது. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் சேரும். வீடு, விவசாயம், விஞ்ஞானம், தொழில் இவற்றுக்காகச் செய்தவை விதிவிலக்கு. டெல்லியில் 1980-ல் வந்த ஒரு அறிவிக்கை இன்னும் கறார். பட்டனால், ஸ்பிரிங்கால் திறக்கும் கத்தியாக இருந்து, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் வம்பு. 7.62 என்றால் மூன்று அங்குலம்.

அதே மூன்று அங்குலம் இங்கிலாந்திலும் இருக்கிறது. அங்கே 1988-ம் வருஷச் சட்டப்படி பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் கத்தி வைத்திருக்கக் கூடாது. ஆனால் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்கு. பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்கில் சேராது என்று 1990-களின் ஆரம்பத்தில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, பூட்டு இருக்கிறதா இல்லையா என்பது அங்கே ஜெயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கோடு.

அமெரிக்கர்கள் கதை இன்னொரு தினுசு. 2001 செப்டம்பர் 11-க்கு முன்னால் நாலு அங்குலத்துக்குக் குறைந்த கத்தியோடு அங்கே விமானத்தில் ஏறலாம். அந்த ஒரு நாள் எல்லாவற்றையும் மாற்றியது. விமான நிலையக் கடைகளில் விற்பனை நின்றுபோய், விக்டோரினாக்ஸ் வியாபாரம் படுத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை இல்லாதவர்களைச் சில காலம் மற்ற கம்பெனிகளுக்கு இரவல் கொடுத்துச் சமாளித்தது. பி.காம். வகுப்பில் இதற்கு ஒரு பாடம் வைக்கலாம்.

2013 மார்ச்சில் அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை, ஆறு சென்டிமீட்டருக்குள் இருக்கும், பூட்டில்லாத சின்னக் கத்திகளை மறுபடி அனுமதிக்கப்போவதாக அறிவித்தது. விமானப் பணிப்பெண்கள் கொதித்தார்கள். ஜூனில் யோசனையைக் கைவிட்டார்கள். பணிப்பெண்கள் பக்கம்தான் என் ஓட்டு. முப்பதாயிரம் அடி உயரத்தில் கொய்யாப்பழம் வெட்டியே ஆகவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மீனம்பாக்கத்திலும் அப்படித்தான். கைப்பையில் கத்தி இருந்தால் எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

ஜப்பானில் நடந்ததுதான் எனக்கு வருத்தம். அங்கே ஹிகோநோகாமி என்று ஒரு மடக்குக் கத்தி. பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, ஒரு மடித்த தகடு, ஓர் அலகு, ஓர் ஆணி. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருப்பார்கள். 1960 அக்டோபரில் இனெஜிரோ அசானுமா என்ற அரசியல் தலைவரை மேடையிலேயே ஒரு பதினேழு வயதுப் பையன் கொன்றான். அவன் கையில் இருந்தது பென்சில் சீவும் கத்தி இல்லை, குட்டை வாள். ஆனால் அதற்குப் பிறகு 'பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்' என்று ஓர் இயக்கம் கிளம்பி, பென்சில் பெட்டியிலிருந்து ஹிகோநோகாமி வெளியேறியது. வாள் செய்த குற்றத்துக்குப் பேனாக்கத்தி தண்டனை அனுபவித்தது.

நம் ஊரில் இந்த மாதிரி இயக்கம் எதுவும் தேவைப்படவில்லை. நாம் சத்தமில்லாமலே செய்துவிட்டோம். நேராகச் சொன்னால், எல்லாருக்கும் செய்யவில்லை. சிலருக்கு மட்டும்.

*

எங்கள் பெரும்பாக்கத்தைப் பற்றி நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். கூவம் கரை, அடையாறு கரை என்று நகரத்தின் நடுவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த குடும்பங்களுக்காக இங்கே எட்டு மாடி பிளாக்குகள் கட்டியிருக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்கள் நிறைய. ஒரு பக்கம் அவை. இன்னொரு பக்கம், நான் இருக்கும் வகையறா. கேட், செக்யூரிட்டி, நீச்சல் குளம், நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை என்று வாட்ஸ்அப்பில் சண்டை. நடுவில் ஒரே சாலை.

போன கோடையில் வீட்டு ஏ.சி.யைப் பார்க்க ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசிருக்கும். ஸ்டூல்மேல் ஏறி நின்றவன், "சார், வயர் உரிக்க எதுனா இருக்குமா? பேக் கீழ இருக்கு" என்றான். பையிலிருந்து என் பேனாக்கத்தியை எடுத்து மடக்கியபடியே கொடுத்தேன். நகத்தால் திறந்தான். அலகைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு விரலுக்கு நடுவே வயரை வைத்து, செம்புக் கம்பியில் ஒரு கீறல் விழாமல் மேல் பிளாஸ்டிக்கை மட்டும் உருவி எடுத்தான். எனக்கு ஜென்மத்துக்கும் வராது.

"ஏம்பா, தினம் இதான் வேலை உனக்கு. நீயும் ஒண்ணு பாக்கெட்ல வெச்சுக்கக் கூடாதா?"

"வெச்சிருக்கேன் சார். பேக்ல, அடியில. பில் புக்குக்கும் கீழ."

"பாக்கெட்ல இருந்தா சுளுவா இருக்குமே?"

சிரித்தான். "உங்க பாக்கெட்ல இருந்தா அது பேனாக்கத்தி சார். என் பாக்கெட்ல இருந்தா கத்தி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே, கையிலிருந்த வேலையைப் பார்த்துக்கொண்டே, சொன்னான். "எங்க நிறுத்தினாலும் மொதல்ல ஐடி கார்டு கேப்பாங்க. அதுல எழில் நகர்னு இருக்குல்ல? அப்புறம் பேக்கைக் கொட்டச் சொல்வாங்க. பேக்ல இருந்தா டூல்ஸ்னு சொல்லிக்கலாம். பாக்கெட்ல இருந்தா என்னன்னு சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுத்துக்கொள்வேன் என்கிற மாதிரி சொன்னான். வேலையை முடித்தான், கத்தியை ஊதித் துடைத்து மடக்கி மேஜைமேல் வைத்தான், பில் எழுதினான், போனான்.

அக்கவுன்டன்ஸியில் ஒரே சாமானை இரண்டு லெட்ஜரில் இரண்டு விதமாக எழுதினால் ஆடிட்டர் பேனாவைத் தூக்கி எறிவார். இங்கே அதுதான் நடக்கிறது. அதே இரண்டரை அங்குலம், அதே ஸ்பிரிங், அதே பூட்டில்லாத அடக்கம். என் கணக்கில் அது சொத்து. அவன் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் வந்து விழக்கூடிய கடன். சட்டத்தில் இந்த வித்தியாசம் எங்கேயும் இல்லை, வக்கீல் நண்பரைக் கேட்டாயிற்று. 9 அங்குலம் எல்லாருக்கும் 9 அங்குலம்தான். வித்தியாசம் விலாசத்தில் இருக்கிறது.

பல வருஷமாக இந்தக் கத்தியை வைத்திருக்கிறேன். ஆபீஸில், ரயிலில், கல்யாண வீட்டில் எடுத்திருக்கிறேன். ஒருத்தர்கூட பயந்ததில்லை. 'அட, சுவிஸ் நைஃபா?' என்று வாங்கிப் பார்ப்பார்கள். அது கத்தியின் குணத்தால் வந்த மரியாதை என்றுதான் இத்தனை பாராவாக உங்களிடம் நிறுவிக்கொண்டு வந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி என் நரைத்த கிருதாவுக்கும், இஸ்திரி போட்ட சட்டைக்கும், கேட் போட்ட விலாசத்துக்கும் வந்த மரியாதை.

போலீஸ்காரர் சோதனை போடுவதைக் குறை சொல்ல வரவில்லை. நிஜமாகவே கத்தி தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் முதலில் பாதிக்கப்படுவதும் அந்த பிளாக்குகளில் இருப்பவர்கள்தான். நான் சொல்வது நம் வீட்டு வாசல் சங்கதி. பல அபார்ட்மென்ட்களில் வேலைக்கு வருகிறவர்களின் டூல் பேகை கேட்டிலேயே கொட்டிக் கவிழ்க்கிறார்கள். என்ன இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள், பூ, பழமா? பிளம்பரிடம் உளியும் ஏ.சி. பையனிடம் கத்தியும் இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பெயரை எழுதிக்கொள்ளுங்கள், போனை எழுதிக்கொள்ளுங்கள். பையைக் கொட்டாதீர்கள். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் நீச்சல் குளம் முடிந்ததும் இதை ஒரு நிமிஷம் பேசுங்கள்.

*

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு.

அலகு இரண்டரை அங்குலம் போதும், மூன்றைத் தாண்ட வேண்டாம். ஆப்பிளைக் குறுக்கே வெட்ட அது போதும். அதற்குமேல் பெரிதாக வெட்ட வேண்டியது எதுவும் வீட்டுக்கு வெளியே உங்களுக்கு வராது. பட்டன் வேண்டாம். ஒற்றைக் கையால் சுண்டித் திறப்பதும் வேண்டாம். நகத்தை வைத்து, இரண்டு கையால், நிதானமாகத் திறப்பதாகப் பாருங்கள். அந்த இரண்டு விநாடித் தாமதம் எதிரே நிற்பவருக்கு நல்லது, உங்களுக்கும் நல்லது. மண்டையோடு போட்டது, பல் பல்லாக இருப்பது, கறுப்புப் பூச்சு, 'சர்வைவல்' என்று எழுதியது எதுவும் வேண்டாம். எதிலிருந்து சர்வைவல்? துரைப்பாக்கம் சிக்னலிலிருந்தா?

தற்காப்புக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் வாங்கவே வேண்டாம். ஆகாது. வழிப்பறிக்காரன் வந்தால் பர்ஸைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேருங்கள். இந்தக் கத்தியால் நீங்கள் குத்தப்போனால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். தவிர, எந்தக் கத்தியானாலும் ஒருத்தரைக் காயப்படுத்திவிட்டால் அளவெல்லாம் பேச முடியாது. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கென்றே 118-ம் பிரிவு இருக்கிறது. தேர்தல், ஊர்வலம், பதற்றம் என்று தடையுத்தரவு போட்டிருக்கும் நாட்களில் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

எஃகு, துருப்பிடிக்காததாக இருக்கட்டும். கரி எஃகு கூர் நன்றாக ஏறும், உண்மைதான். ஆனால் கடற்காற்றும் சதுப்பு நிலமும் சூழ்ந்த எங்கள் பக்கத்தில், எலுமிச்சம்பழம் வெட்டித் துடைக்காமல் வைத்தால் மறுநாளே கறை படிந்து நிற்கும். வெளிநாட்டுப் பிராண்டுதான் வேண்டும் என்றில்லை. தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்குமுன் திறந்து, அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். லொடலொட என்று ஆடினால் வைத்துவிடுங்கள். பாதி திறந்து விரலை எடுங்கள். தானாகத் தொங்கி விழுந்தால் ஸ்பிரிங் சரியில்லை.

மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். அந்தச் சக்கரத்தின் வேகத்துக்கும் சூட்டுக்கும் இந்தக் குட்டி அலகு தாங்காது. பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்கும். அலகைச் சாய்த்துப் பிடித்து அதில் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து இழுப்பு. போதும். மூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். மழுங்கின கத்திதான் ஆபத்து. அதிகம் அழுத்த வைக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் ரத்தம்.

மூடும்போது விரல்களைப் பள்ளத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு, அலகின் முதுகை உள்ளங்கையால் தள்ளி மூடுங்கள். நெம்பாதீர்கள். பெயின்ட் டப்பா திறக்க ஸ்பூன் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வை, அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, விரல் பத்திரமாக இருக்கும். மடக்குக் கத்தியில் இன்னும் சுலபம். மடக்கிக் கொடுங்கள். யார் கேட்டாலும் கொடுங்கள். கொடுக்குமுன் அவர் விலாசத்தைக் கேட்காதீர்கள்.